சாரல் ஊரில் ஒழுகிய கார்

ஒரு காரில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க மிக மோசமான இடம் எது என்று என்னைக் கேட்டால், ஆனி மாதத்துக் குற்றாலம் என்பேன். வானமே நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கிற ஊரில் காரின் சொட்டை யார் கண்டார்கள்?

எங்களுக்குக் கரூர். அங்கே ஆனியில் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். நம் காருக்கு அடியில் ஒரு சொட்டு விழுந்தால் நமக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க வண்டி என்னமோ பண்ணி வெச்சிருக்குதுங்க" என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து நானும் என் மனைவி பூங்கொடியும் ஒரு செவ்வாய்க்கிழமை தென்காசிக்கு வந்து சேர்ந்தோம்.

போக வேண்டியது மலைக்கு அந்தப் பக்கம், புனலூருக்கு. மகள் தேன்மொழியை அங்கே கொடுத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு அவளைப் பிரசவத்துக்குக் கரூருக்கு அழைத்துவர வேண்டும். போன வருஷம் மூன்றாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போயிற்று. அதிலிருந்து அவளுக்கு டீசல் வாசம் பட்டாலே குமட்டல், வண்டி குலுங்கினாலே பயம். "அந்தச் சத்தமில்லாத கரன்ட் கார்ல கூட்டிட்டுப் போறதா இருந்தா அனுப்புறேன். இல்லைன்னா பிரசவம் இங்கயே நடக்கட்டும்" என்று சம்பந்தியம்மா போனில் சொல்லியிருந்தார். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பூங்கொடி ஐந்து மாதமாக மகளுக்கென்று ஓர் அறையை வெள்ளையடித்து வைத்துக் காத்திருக்கிறாள்.

வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே, அருவியில் தலையைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று முன்கூட்டியே கிளம்பினோம். அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ, அதற்கு ஒரு கும்பிடு.

தென்காசிக்குள் நுழைந்து கோபுரம் தெரிந்ததும் பூங்கொடி கையெடுத்துக் கும்பிட்டாள். அதே நேரத்தில் காரின் திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை: கூலன்ட் குறைவு.

"ஏனுங்க, சாமி கும்பிட்டதுக்கு இதுங்களா பதிலு?" என்றாள்.

எலெக்ட்ரிக் காருக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்பவர்கள் உண்டு. என்ஜின் இல்லாவிட்டாலும் பாட்டரி சூடாகும், மோட்டார் சூடாகும். அவற்றைச் சுற்றிக் குழாய் வழியாகக் கூலன்ட் என்ற நிறமேற்றிய நீர் ஓடுகிறது. சூட்டை வாங்கிக்கொண்டு போய் முன்பக்கத்து ரேடியேட்டரில் விட்டுவிட்டுத் திரும்புகிறது. அது குறைந்தால் வண்டி முதலில் முனகும், அப்புறம் வேகத்தைக் குறைக்கும், மலை ஏற்றத்தில் நின்றாலும் நிற்கும். பானெட்டைத் திறந்து பார்த்தேன். கூலன்ட் பாட்டிலில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. கீழ்க்கோட்டுக்கும் கீழே, அடியில் கொஞ்சம் ரோஸ் நிறம் தெரிந்தது.

இரண்டு வாரம் முன்னால் கரூரிலும் இப்படித்தான் குறைந்திருந்தது. ஒரு டம்ளர் ஊற்றி, வெயிலுக்கு ஆவியாகியிருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மீதியெல்லாம் நானே பார்த்தும் கேட்டும் படித்துக்கொண்டது. அப்படிப் படித்தவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, தெரியாததற்கும் கைவசம் ஒரு காரணம் வைத்திருப்பான்.

வண்டி வாங்கிய இடத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் இனிமையாகப் பேசினார். வண்டியை லாரியில் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பினால் பத்து நாளில் பார்த்துவிடலாமாம். மகளின் வளைகாப்பு வெள்ளிக்கிழமை என்றேன். "வாழ்த்துகள் சார்" என்றார்.

புதன்கிழமை காலை. நாங்கள் தங்கியிருந்த குற்றாலத்து லாட்ஜைப் பார்த்துக்கொள்பவர் கோமதிநாயகம். அறுபது வயதிருக்கும். வந்தவர்களின் கவலையெல்லாம் தன் கவலை என்று எடுத்துக்கொள்கிற ஆள். நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுக் குடையோடு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, தண்ணியா குறையுது? குத்தாலத்துக்கு வந்துட்டு எவனாவது தண்ணி இல்லன்னு சொல்லுவானா?"

உள்ளே போய் ஒரு பெரிய கேனோடு திரும்பினார். விடியற்காலை மெயின் அருவியில் பிடித்து வைத்ததாம்.

"சும்மா தண்ணியில்ல பாத்துக்கிடுங்க. மலையில இருக்க வேரு அம்புட்டையும் தொட்டுட்டு வருது. மனுசனுக்குப் பித்தத்தையே இறக்குது, உங்க பாட்டரி சூட்டை இறக்காதா?"

அவர் சொன்ன விதத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பாட்டில் மேல்கோடு வரைக்கும் நிறைந்தது. கோமதிநாயகம் மூடியைத் திருகிவிட்டு, காரின் மூக்கில் இரண்டு தட்டுத் தட்டினார், பசுமாட்டைத் தட்டுவதுபோல.

இலஞ்சி முருகனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். ஊர் முழுக்க ஈரப் பச்சை. தென்னை நுனியிலிருந்து சொட்டுகிறது, வயல் வரப்பில் வழிகிறது, கோயில் வாசலில் பூ விற்பவர் தலையில் பிளாஸ்டிக் பை. சாமி கும்பிட்டு வந்து பானெட்டைத் திறந்தால் தண்ணீர் இரண்டு விரல் கீழே போயிருந்தது. குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன். அங்கும் சொட்டுகிறது, இங்கும் சொட்டுகிறது, நாலு சக்கரத்திலிருந்தும் வழிகிறது. எது மழை, எது கார்?

பூக்கடைக்காரர்தான் கை காட்டினார். "நேரா போங்க. மண்டபத்துக்குப் பக்கத்துல முப்பிடாதி இருக்கான். ட்ராக்டர் ரேடியேட்டரு, காரு ஏசி எல்லாம் பாப்பான். கேள்வி கேட்டே ஆளக் கொன்னுருவான், ஆனா வேலை சுத்தம்."

முப்பிடாதிக்கு நாற்பது வயதிருக்கும். கை துடைத்துக்கொண்டே வந்தவர் வண்டியைத் தொடவில்லை. முதலில் கேள்விதான்.

"எத்தனை நாளா குறையுது?"

"இரண்டு வாரமா."

"நிக்கும்போது குறையுதா, ஓடும்போது குறையுதா?"

யோசித்தேன். இரவு முழுக்க லாட்ஜில் நின்றபோது குறையவில்லை. ஓடி வந்தால்தான் குறைகிறது.

"உள்ள கால் வைக்கிற ரப்பர் மேட் ஈரமா இருக்கா? இனிச்ச வாடை அடிக்குதா?"

இல்லை என்றேன்.

"அப்பம் உள்ள ஒழுகல. என்ஜின் வண்டின்னா தண்ணிய என்ஜினே குடிச்சிட்டுப் புகையா விட்டுரும், நாம தேடிக்கிட்டே இருக்கணும். இதுல குடிக்கதுக்கு ஆளே கிடையாது. போனா வெளியதான் போவணும். நல்ல வண்டி."

ஒழுகுகிற காரை நல்ல வண்டி என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். பிறகு மூடியைத் திறந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், முகம் மாறியது.

"கலரையே காணோமே. என்னத்த ஊத்துனீய?"

சொன்னேன்.

"லாட்ஜு கோமதிநாயகம் அண்ணாச்சியா?"

"ஆமாங்க."

"போன சீசன்ல ஒரு கொல்லத்துக்காரரு இன்வெர்ட்டர் பாட்டரிக்கும் அவரு அதத்தான் ஊத்துனாரு. தங்கமான மனுசன். அவருக்கு எல்லா நோவுக்கும் ஒரே மருந்துதான்." சிரிப்பு நின்றது. "அருவித் தண்ணி நமக்கு நல்லது அண்ணாச்சி, இதுக்கு ஆகாது. அதுல கலந்திருக்க தாதெல்லாம் குழாய்ல போய்ப் படியும், அலுமினியத்தை அரிக்கும். பாட்டரிக்குப் பக்கத்துல ஓடுற தண்ணி, அதுக்குன்னு சொன்ன தண்ணியாத்தான் இருக்கணும். அம்புட்டையும் இறக்கிக் கழுவணும். அதுக்கு முன்ன ஓட்டையக் கண்டுபிடிக்கணும்."

பூங்கொடி முன்னால் வந்து கேட்டாள்: "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிருங்களா? புள்ளைத்தாச்சியைக் கூட்டிட்டு வரணுமுங்க."

முப்பிடாதி அவளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ஓட்டை கிடைச்சா ஆயிரும் மதினி. இந்தச் சாரல்ல கிடைக்காது. காஞ்ச தரை வேணும்."

இலஞ்சியில் அன்றைக்குக் காய்ந்த தரை ஒரே இடத்தில்தான் இருந்தது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில், சமையற்கட்டை ஒட்டிக் காய் நறுக்கும் பெரிய கொட்டகை. அடுத்த முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் காலியாகக் கிடந்தது. முப்பிடாதி சாவி வாங்கி வந்தார். கூடவே தோளில் ஒரு வெள்ளைப் பேப்பர் உருளை, பந்தியில் இலைக்குக் கீழே மேசை மேல் விரிப்பார்களே, அது.

காரை உள்ளே விட்டு, அடிப்பக்கம் முழுக்கத் துணியால் துடைத்து, காற்றுக் குழாயால் ஊதிக் காய வைத்தார். கீழ் மூடியைக் கழற்றினார். ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர்கள் தெரிந்தன. "இந்தக் கலரு பக்கம் மட்டும் நான் கை கொண்டு போகமாட்டேன். எனக்கும் பிள்ளைக இருக்கு" என்றார். பிறகு காருக்கு அடியில் முன்னிருந்து பின் வரைக்கும் வெள்ளைப் பேப்பரை விரித்தார்.

"இலை போடுறதுதான் பாக்கி" என்றாள் பூங்கொடி.

ஒரு மணி நேரம் பார்த்தோம். பேப்பரில் ஒன்றும் விழவில்லை. ஏசியைப் போட்டு வைத்தோம். அப்போதும் இல்லை. அதற்குள் செய்தி கேள்விப்பட்டுக் கோமதிநாயகம் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"மதினி, நான் நல்லதுன்னுதான்..."

"பரவால்லீங்கண்ணா. காருக்குப் பித்தம் எறங்கிருச்சு, அந்த வேகத்துல தண்ணியும் எறங்கிருச்சு."

முப்பிடாதி காருக்கு அடியில் படுத்தபடியே சிரித்தார். தூக்குப் பாத்திரத்தில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். கறுப்பு உளுந்தும் அரிசியும் தேங்காயும் குழைந்து, பூண்டு வாசத்தோடு. கரூரில் உளுந்து என்றால் இட்லிக்கும் வடைக்கும்தான். இப்படிச் சோறாகவே பொங்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கொட்டகையிலேயே வாழையிலை கிழித்துப் போட்டு நாலு பேரும் சாப்பிட்டோம். "பெண்பிள்ளைக இடுப்புக்கு இதான். உங்க மகளுக்குச் செஞ்சு போடுங்க" என்று பக்குவம் சொன்னார் கோமதிநாயகம். பூங்கொடி அதைச் சம்பந்தி வீட்டுச் சமாசாரம் கேட்பதுபோல அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

சாப்பிட்டு எழுந்ததும் முப்பிடாதி ஒரு கைப்பம்பைக் கொண்டுவந்து கூலன்ட் பாட்டிலின் வாயில் பொருத்தினார். "ஓடும்போது உள்ள அழுத்தம் ஏறும். அத நிக்கும்போதே குடுத்துப் பாப்போம். கொஞ்சமாத்தான், ரொம்பக் குடுத்தா நல்ல இடமும் விட்டுரும்." நாலு முறை அழுத்தினார். பம்பில் இருந்த அழுத்தமானியின் முள் ஏறி நின்றது. பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது.

நாலு பேரும் காருக்கு அடியில் தலையை நீட்டிக்கொண்டு இருந்தோம். முன்பக்கம், நம்பர் பிளேட்டுக்கு நேர் கீழே, பேப்பரில் ஒரு சொட்டு. மிக வெளிறிய ரோஸ். பிறகு இன்னொன்று.

முப்பிடாதி ஊர்ந்து போனார். டார்ச் வெளிச்சத்தில் அவர் குரல் மட்டும் வந்தது: "ஏலே, இங்கனதான் இருக்கியா?"

ரேடியேட்டரிலிருந்து வரும் கறுப்பு ரப்பர் ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை. அதைச் சுற்றி ரப்பர் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அந்தப் பள்ளத்தில் பொருந்தினாற்போல, துருப்பிடித்த ஒரு கம்பி முனை.

"இந்தக் கம்பி காரோடது இல்லியே" என்றார். கம்பியை இடுக்கியால் பிடித்து ஆட்டினார். காருக்கு வெளியே, முன்னால், எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் ஆடின.

பூங்கொடி என்னைப் பார்த்தாள்.

விளக்கம் சொல்ல வேண்டியவன் நான்தான். அமாவாசை தோறும் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கொடுப்பவள் அவள். காரில் கட்டுபவன் நான். பழைய காரின் முகத்தில் வரிவரியாகச் சட்டம் இருந்தது, எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். இந்த எலெக்ட்ரிக் காரின் முகமோ கழுவிக் கவிழ்த்த தட்டுமாதிரி வழுவழு என்று இருக்கிறது. நூல் கட்ட ஒரு பிடி இல்லை. அதனால் கட்டுக்கம்பி எடுத்து, நம்பர் பிளேட்டுக்குக் கீழே இருந்த இடுக்கில் நுழைத்து, வளைத்து முறுக்கி, மிச்சமிருந்த வாலைப் பூங்கொடியின் சேலையைக் கிழிக்கக் கூடாது என்று உள்பக்கமாக நன்றாக அமுக்கிவிட்டேன். அந்த வால் ஓட்ட ஓட்ட அதிர்ந்து ஹோஸை அறுத்திருக்கிறது. இடுக்கு வழியாக அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை.

"முறுக்கு நல்லா சுத்தமா போட்டிருக்கீய" என்றார் முப்பிடாதி.

"நாலு பேரு கண்ணு படக் கூடாதுன்னு கட்டுனது" என்றாள் பூங்கொடி, யாருக்கென்று இல்லாமல். கோமதிநாயகத்துக்கு மட்டும் முகத்தில் களை திரும்பியிருந்தது. தப்பில் பங்குக்கு ஆள் கிடைத்துவிட்டதே.

வியாழக்கிழமை. தேய்ந்த இடத்தை இரண்டு அங்குலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, நடுவே ஓர் அலுமினியக் குழாய் வைத்து, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினார் முப்பிடாதி. "இது ஊர் போய்ச் சேரும். அங்க போனதும் புது ஹோஸ் மாத்திருங்க, மறந்துராதீய." பிறகு அருவித் தண்ணீர் முழுவதையும் இறக்கி, காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டு மூன்று முறை ஓட்டிக் கழுவினார்.

இனி கூலன்ட். தென்காசிக் கடைகளில் கிடைத்ததெல்லாம் ட்ராக்டருக்கு ஊற்றும் பச்சை. காரின் புத்தகத்தில் போட்டிருந்த ரகம் திருநெல்வேலியில்தான் இருந்தது. முப்பிடாதியின் சிநேகிதர் ஒருவர் அங்கிருந்து பஸ்ஸில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நான் தென்காசி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன்.

பதினொரு மணி பஸ் வந்தது. கண்டக்டரிடம் கேன் வந்திருக்கிறதா என்றேன்.

"பிள்ளைத்தாச்சிக்கு மருந்துன்னு ஏத்திவிட்டாங்களே, அதா? குலுங்கப் பிடாதுன்னு அந்த அக்காகிட்ட குடுத்து வச்சிருக்கேன்."

முன் சீட்டில் ஓர் அம்மாள் ஐந்து லிட்டர் கேனை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவூர்சத்திரத்திலிருந்து அப்படியே வந்தாராம். "எத்தனை மாசம்?" என்று கேட்டார். ஏழு என்றேன். "நேரத்துக்குக் குடுத்துருங்க. சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா?" காருக்கு ஊற்றுவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "டாக்டர் சொல்றபடிங்க" என்றேன்.

முப்பிடாதி வண்டியை மண்டபத்துச் சரிவில் மூக்கு மேலாக நிறுத்தி, கூலன்டைச் சிறுகச் சிறுக ஊற்றினார். உள்ளே சிக்கிய காற்று களக் களக் என்று குமிழியிட்டு வெளியே வந்தது. செங்கோட்டை வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பினோம். பாட்டிலில் மட்டம் மாறவில்லை. பேப்பரை மறுபடி விரித்தார். வெள்ளையாகவே இருந்தது.

எலுமிச்சம்பழத்தை என்ன செய்வது என்று பூங்கொடி கேட்டாள். "கட்டுங்க மதினி, வேண்டாம்னு சொல்லல. உள்ள, கண்ணாடிக்கிட்ட, நூல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மலை ஏறினோம். கேரளப் பக்கத்துத் தேன்மலைக் காட்டில் மேகம் தரையில் நடந்தது. இந்தப் பக்கம் டீக்கடை என்றால் பஜ்ஜி, அந்தப் பக்கம் பழம்பொரி. இந்தப் பக்கம் வழி கேட்டால் கூடவே வந்து காட்டுகிறார்கள், அந்தப் பக்கம் கேட்டால் நிறுத்தி நிதானமாக, சந்தேகமே வராதபடி சொல்லி அனுப்புகிறார்கள். நான் பாதி வழியும் திரையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

சம்பந்தியம்மாவுக்குப் போனிலேயே எல்லாம் சொல்லியிருந்தோம். மறைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் வாசலிலேயே, "முதல்ல நான் ஏறிப் பாக்கணும்" என்றார். விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிறைத்த ஒரு டம்ளரோடு பின்சீட்டில் உட்கார்ந்தார். தெருவைச் சுற்றி, மேடு பள்ளம் பார்த்து, கடைத்தெரு வழியாகத் திரும்பி வந்தேன். என் முதுகு நனைந்துவிட்டது. இறங்கினார். டம்ளரைப் பார்த்தார். சேலையைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு சொட்டு" என்றார். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அது என் கை நடுக்கம்" என்று உள்ளே போனார். பூங்கொடி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

வளையல் சத்தமும் எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் முடிந்து, நல்ல நேரம் பார்த்து மூன்று பேரும் கிளம்பினோம். தேன்மொழி பின்சீட்டில் அம்மா மேல் சாய்ந்துகொண்டாள். ஏற்றம் முடிந்து, வளைவுகளில் இறங்கி, அடிவாரத்துப் புளியரை வந்ததும் எனக்கு மனம் கேட்கவில்லை. ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் திறந்தேன். மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தது.

முப்பிடாதிக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு கோட்டுக்கு நடுவுலதான நிக்குது?"

"ஆமாங்க."

"கீழ ஈரம் இருக்கா?"

இந்தப் பக்கம் சாரல் ஓய்ந்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தார் ரோடு காய்ந்து கிடந்தது. மண்டியிட்டுப் பார்த்தேன். பொட்டு ஈரம் இல்லை. கிளிப் போட்ட இடத்தில் விரலை வைத்தேன். விரல் காய்ந்தே வந்தது.

"அப்பம் உள்ள எங்கனயோ ஒளிஞ்சிருந்த காத்து ஏத்தத்துல வெளிய வந்துட்டு. அந்த இடத்துக்குத் தண்ணி போயிருக்கு. கணக்குச் சரிதான். பாப்பா என்ன செய்யுதா? வாந்தி கீந்தி எடுத்தாளா?"

பின்கதவுக் கண்ணாடி வழியாகத் தேன்மொழியைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை நிறைய வளையலோடு ஒரு கை வயிற்றின் மேல் கிடந்தது.

"தூங்குறாளுங்க தம்பி. தேன்மலையிலருந்தே."

"பொறவு எதுக்கு அண்ணாச்சி வண்டிய நிறுத்துனீய?" என்றார்.

பானெட்டைச் சத்தம் வராமல் மூடினேன்.